நஞ்சுக்கொடி கட்டிய ஆலமரம்

செத்து விழுந்த கன்றைப் பார்த்தவுடன் அது எத்தனை மாதத்துச் சினை என்று சொல்லிவிடுவேன். நான் படித்த படிப்பு அவ்வளவுதான். புருவத்திலும் உதட்டோரத்திலும் பூனைமுடி வந்திருந்தால் பாதிக் காலம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வால் நுனியிலும் முடி இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். உடம்பு முழுக்க முடி மூடியிருந்தால் அது பிறந்திருக்க வேண்டிய கன்று. இந்த வித்தையை வைத்துக்கொண்டு கல்யாணப் பந்தியில் பெருமையா அடிக்க முடியும்? யாராவது "இன்னா வேல பாக்கற?" என்று கேட்டால் "மாட்டாஸ்பத்திரில" என்று சொல்லிவிட்டு ரசம் எப்போது வரும் என்று பார்ப்பேன்.

ஆஸ்பத்திரி என்பதும் பாதிப் பொய். எழுபதுகளின் கடைசியில் ஆரணிக்கு வெளியே களம்பூர் ரோட்டில் ஓர் ஓட்டுக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, மாடுகள் ஏன் மாதம் நிறையுமுன்னே கன்றை வீசுகின்றன என்று ஆராய்ச்சி செய்தார்கள். ஒரு டாக்டர், ஒரு ஜீப், ஒரு ஐஸ்பெட்டி, சுவர் நெடுக மரத் தட்டுகள். தட்டுகளில் கண்ணாடி ஜாடிகள். ஜாடிகளுக்குள் பார்மலின் மருந்துத் தண்ணீரில் கண் திறக்காத கன்றுகள், விரல் நீளத்திலிருந்து முழங்கை நீளம் வரை. நான் அங்கே ஜாடி கழுவப் போய்ச் சேர்ந்தேன். அப்புறம் மாட்டைப் பிடிக்க, ரத்தம் எடுக்க என்று ஒவ்வொன்றாகத் தொற்றிக்கொண்டது. நான் குடியிருந்தது பட்டு நெய்கிற தெரு. சாயம், சரிகை, பாவு என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும். நான் மட்டும் பார்மலின் நாற்றத்தோடு வீடு திரும்புவேன். ஹோட்டலில் பக்கத்து இலைக்காரர் நகர்ந்து உட்கார்ந்த கதையெல்லாம் உண்டு.

டாக்டர் தெற்கத்திக்காரர். நல்ல மனிதர், அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புரியாது. "வந்துகினு கீதுன்னா என்னப்பா, வந்துருச்சா வரலையா?" என்று கேட்பார். ஆனால் ஒரு மாட்டின் விலாவில் கை வைத்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் கேட்காது.

அந்தக் காலத்தில்தான் சீமை மாடு எங்கள் பக்கம் வந்தது. சினை ஊசிக்கான மருந்து பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு பஸ்ஸில் வரும். நாட்டுப் பசுவுக்கு அந்த ஊசியைப் போட்டால் செவலையில் ஜெர்சிக் கலப்புக் கன்று. நிலமில்லாத வீட்டிலும் ஒரு கலப்பு மாடு இருந்தால் அடுப்பு எரியும் என்று ஆசை. ஆசை தப்பில்லை. ஆனால் ஓர் ஊரில் ஒன்று, அடுத்த ஊரில் இரண்டு என்று மாடுகள் நிறைசினையில் கன்றை வீச ஆரம்பித்தன. கண்ணு பட்டுடுச்சி என்றார்கள். சீமை ஊசி சூடு என்றார்கள். டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்து, இது கன்று வீச்சு நோய், ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குத் தொற்றுகிறது என்றார். அந்தத் தொற்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிக்கொண்டு போனபோது ஆற்றங்கரை ஆலமரத்தடியில் போய் நின்றோம்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. மாடு கன்று போட்டதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, கோணியில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். ஆலமரம் பால் மரம். கிளையைக் கிள்ளினால் பால் வரும். அதில் கட்டினால் மாட்டுக்கும் பால் சுரக்கும். மண்ணில் புதைத்தால் மடி வற்றிப்போகும். கன்று செத்தே விழுந்தாலும் மாட்டின் மடியாவது பிழைக்கட்டும் என்று கொடியை மரத்தில்தான் கட்டுவார்கள். கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடுகிற நாட்களை விட மணல் ஓடுகிற நாட்கள்தான் அதிகம். அந்த வெயிலில் சுற்றுவட்டாரத்துக்கே நிழல் அந்த ஒரு மரம்தான். மத்தியானம் ஆனால் எல்லா ஊர் மாடும் அதன் அடியில் வந்து படுக்கும். மேலே மூட்டைகள் கசிந்து சொட்டும். காக்கை கொத்தும். நாய் இழுக்கும். கீழே ஈரத் தரையில் முளைத்த புல்லைச் சினைமாடு மேயும்.

டாக்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "இத்தனையையும் சுத்திவந்து கடைசில இங்கயாப்பா இருக்கு?" என்றார்.

ஊர் ஊராகப் போய்ச் சொன்னோம். கொடியைத் தொடாதீங்க, குழி தோண்டிப் புதைங்க, சுண்ணாம்பு போடுங்க, மனுஷனுக்கும் இது காய்ச்சலாத் தொத்தும். எல்லாரும் மண்டையை ஆட்டினார்கள். எங்கள் ஜனங்களைப் போல மண்டையாட்ட உலகத்தில் யாராலும் முடியாது. எங்கள் எதிரிலேயே குழி தோண்டிப் புதைப்பார்கள். மோர் கொடுத்து வழியனுப்புவார்கள். ஜீப் திரும்பினதும் தோண்டி எடுத்து மரத்தில் கட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஒருநாள் மறந்துபோன ஊசிப் பெட்டியை எடுக்கத் திரும்பிப் போனபோது கையும் களவுமாகப் பிடித்தோம். கையில் மூட்டையோடு நின்ற மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க சொன்னதுக்குப் பொதச்சாச்சி சார், மாட்டுக்கோசரம் கட்டறேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா அப்பா போனபிறகு எனக்கென்று இருந்தது அக்கா ஒருத்திதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா களம்பூரில் ரைஸ்மில் கூலி. காலையில் போனால் பொழுது சாயத் தவிட்டு மூட்டையோடு வருவார், தலை புருவமெல்லாம் உமித்தூசு வெளுத்திருக்கும். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. அக்காவை ஊரில் சீமந்தத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டாலும் அவளே போகமாட்டாள். "எனுக்கு வேல கீது" என்பாள். மில் தவிட்டை வைத்து ஒரு கலப்புக் கிடேரியை வளர்த்தாள். அதைக் கொஞ்சுகிற கொஞ்சலைப் பார்த்து மாமா "மாட்டுக்குத் தாலாட்டுப் பாடற ஒரே பொம்பள" என்று கிண்டல் செய்வார். அவளும் விடமாட்டாள். "பின்ன உனுக்கா பாடுவாங்க?"

அந்தக் கிடேரி சினை பிடித்த கொஞ்ச நாளிலேயே அக்காவுக்கும் தள்ளிப்போனது. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. மாமா மில்லிலிருந்து ஆரணிக்கு வந்து, என் கட்டட வாசலில் நின்று, சொல்ல முடியாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மச்சான், அக்காவுக்கு வாந்தி" என்றார். நான் புரியாமல் மாத்திரை எடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அக்காவுக்கு ஒரு கணக்கு. தனக்கும் மாட்டுக்கும் ஒரே வயிறு என்பதுபோல் நடந்துகொண்டாள். மாடு தவிடு தின்றால்தான் இவளுக்குச் சோறு இறங்கும். "அது மொதல்ல போட்டும், அப்பறம் நானு. அதும் பாலு என் கொழந்திக்கி" என்பாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அந்த மாடும் மத்தியானத்தில் ஆலமரத்தடியில் படுக்கிற மாடுதான். டாக்டரிடம் சொல்லி ரத்தம் எடுத்தோம். ரத்தத்தை உறையவிட்டு மேலே தெளிகிற நீரில் ஒரு சொட்டை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ரோஸ் கலர் மருந்தோடு கலக்க வேண்டும். நோய் இல்லையென்றால் வழுவழுவென்று ஓடும். இருந்தால் பால் திரிந்தது மாதிரி திப்பி திப்பியாகத் திரளும். அன்றைக்குத் தகட்டை ஆட்டிய கை என் கைதான். திரண்டது.

அக்காவிடம் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "வாயில நல்ல வார்த்தையே வராதா உனுக்கு? பொணத்த பாட்டில்ல அடச்சி அடச்சி உன் புத்தியே அப்படி ஆய்ப்பூட்சி" என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எது நடந்தாலும் மாட்டுக்குப் பின்னால் நீ போகாதே, எதையும் தொடாதே, மாமாவை அனுப்பு, நான் வருகிறேன் என்றேன். மாமா என் பக்கம். "அவன் சொல்றதக் கேளு" என்று அதட்டினார். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாடு கன்றை வீசிவிட்டது. காலையில் மாமா சைக்கிளில் ஓடிவந்தார். நானும் டாக்டரும் போனபோது கன்று கொட்டகை ஓரத்தில் கிடந்தது. அழகான கன்று. வால் நுனியில் குஞ்சம் மாதிரி முடி. கொடி முழுசாக விழவில்லை, பாதி தொங்கிக்கொண்டிருந்தது. இந்த நோயில் அப்படித்தான் ஆகும். டாக்டர் மருந்து வைத்துவிட்டு, "இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துரும், விழுந்ததும் புதைச்சுருங்க, இந்தம்மா கிட்டயே வரக்கூடாது" என்று மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கன்றைக் கோணியில் சுற்றும்போது கேட்டாள்.

"அத்த இன்னாடா பண்ணுவீங்க?"

"ஜாடில போட்டு வைப்போம். எத்தினி மாசம்னு எழுதி ஒட்டுவோம்."

"எத்தினி மாசம்னு எப்படித் தெரியும்?"

முடியைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம் என்று சொன்னேன். புருவம், உதடு, வால் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் அதை ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் கொடி விழுந்தது. மாமா கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார். வீட்டில் சுண்ணாம்பு இல்லை. பொழுது சாய வரும்போது வாங்கி வந்து போட்டுக்கலாம் என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மில்லுக்குப் போனார். லாரி வந்து நிற்கும்போது லேட்டாகப் போனால் மேஸ்திரி வேறு ஆளை ஏற்றிவிடுவான், அவர் என்ன செய்வார்?

சாயந்திரம் நான் சைக்கிளில் அக்கா வீட்டுக்குப் போகும்போது ஆலமரத்தைக் கடந்தேன். அந்த மரத்தை அண்ணாந்து பார்ப்பது என் தொழில் பழக்கம். மூட்டைகள் எல்லாம் உயரத்தில் தொங்கும், ஆம்பிளைகள் ஏறிக் கட்டுவது. அன்றைக்கு ஒரு புது மூட்டை மட்டும் தாழ்வான கிளையில், கையெட்டும் உயரத்தில் தொங்கியது. ஏற முடியாத யாரோ எக்கி எக்கிக் கட்டியிருக்கிறார்கள். சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது.

அக்கா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். குழி திறந்திருந்தது.

கத்தினேன். என் வாழ்நாளில் அவளை அப்படித் திட்டினதில்லை. முண்டம், மூதேவி, அறிவிருக்கா என்று வாயில் வந்ததெல்லாம் வந்தது. அவள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"மாட்டுக்காவக் கட்டலடா. நம்ம ஊட்டு மண்ணுல கொடியப் பொதச்சா ஊட்டுக்கே பாலு வத்திப்பூடும்ன்றாங்க. எனுக்கும் பாலு வரணுமில்ல? இத்தினி வருஷம் கழிச்சிப் பெத்துட்டு, கொழந்திக்கிப் பாலில்லன்னு ஊரு முன்னாடி நிக்கச் சொல்றியா?"

"கையால தொட்டியா?"

"பின்ன காலாலயா தொடுவாங்க? சோப்புப் போட்டுக் கழுவிகினேன்."

முறம் பிடித்துப் பிடித்து அவள் விரலெல்லாம் வெடிப்பு. நோய் நுழைய அந்த வெடிப்பு போதும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஆலமரத்துக்குப் போய் அந்த மூட்டையை அறுத்து, எங்கள் கட்டடத்துக்கு எடுத்துப் போய்க் கொளுத்தினேன். இனி கொளுத்தி என்ன புண்ணியம் என்று தெரிந்தேதான் கொளுத்தினேன்.

காய்ச்சல் உடனே வரவில்லை. சரி, தப்பித்தோம் என்று எல்லாரும் மூச்சுவிட்ட பிறகு வந்தது. பகலெல்லாம் நன்றாக இருப்பாள். சாயந்திரம் ஆனால் குளிர் தூக்கிப் போடும், வேர்த்துக் கொட்டும், இடுப்பு கழன்று விழுகிறது என்று அழுவாள். ஊர் டாக்டர் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, இந்த நோயை மனுஷ உடம்பில் அவர் பார்த்திருக்கவே மாட்டார். நான் அக்காவின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். மாட்டு ரத்தம் பார்க்கிற அதே தகடு, அதே ரோஸ் மருந்து. டாக்டர் என்னைத் தொடவிடவில்லை, அவரே கலந்தார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்தவர் கீழே வைக்கவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். திப்பி திப்பியாக மிதந்தது.

"மருந்து இருக்கு தம்பி," என்றார். "ஆனா வயித்துல பிள்ளை இருக்கும்போது அந்த மருந்தைக் குடுக்கப்படாது. பிள்ளைக்கு ஆகாது. குடுக்கலைன்னா நோயும் பிள்ளைய விடாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் மாட்டு டாக்டர்ப்பா. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன், ஜல்தியா கூட்டிட்டுப் போ." எங்கள் ஊரில் இருந்து இருந்து ஜல்தி என்ற வார்த்தை அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

போனோம். வரிசையில் உட்கார்ந்தோம். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். பொறுத்துப் பார்க்கலாம் என்று தாங்கக்கூடிய மருந்தாகப் பார்த்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டே வந்தாள். "ஒதைக்குதுடா. நல்லாத்தான் கீது" என்றாள். பேஜாரான ரோட்டில் பஸ் தூக்கிப்போடும்போதெல்லாம் மாமா அவள் வயிற்றுக்கு அடியில் தன் துண்டை மடித்து மடித்து வைத்தார்.

கொஞ்ச நாள்தான். பிறகு ஒரு காலையில் ஆரணியிலேயே ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்தே விழுந்தது. நர்ஸ் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தாள். மாமா வாங்கமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பையன். ஆற்றங்கரையில், ஆலமரத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய்ப் புதைத்தோம். மாமா அன்றைக்கு மறக்காமல் சுண்ணாம்பு வாங்கி வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாங்கிப் போட்டேன்.

மாட்டை மாமா சந்தையில் விற்றுவிட்டார். விற்காதீங்க, நோய் அடுத்த ஊருக்குப் போகும் என்றேன். "எந்த ஊருக்காவது போவட்டும் மச்சான், என் கண்ணு முன்னாடி நிக்கக் கூடாது" என்றார். அது எந்த ஊருக்குப் போனதோ, எந்த மரத்தடியில் படுத்ததோ. எண்பதுகள் பிறந்து சில வருஷத்தில் டாக்டரை மாற்றினார்கள். அவர் எழுதின ஆராய்ச்சி இங்கிலீஷில் இருந்தது. அதை எங்கள் பக்கம் படிக்க யாருமில்லை. ஜாடிகளை நானே கொண்டுபோய்க் குழியில் கொட்டினேன், அக்கா வீட்டுக் கன்றும் அதில் இருந்தது. கட்டடத்தில் விசைத்தறி போட்டார்கள். ஆலமரத்தில் மூட்டை கட்டுவது நிற்கவில்லை. நாங்கள் அந்த ஊர்களில் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினதற்கு ஒரு மூட்டை குறைந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பின்னால். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைக் கூட்டி வந்த அன்றைக்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மாமா காப்பி வாங்கிவர வெளியே போனார். அவள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டாள்.

"நீதான பாத்த?"

"ம்."

"முடி வந்திருந்துச்சா?"

துணி விலகினபோது என் கண் தானாகப் புருவத்துக்குத்தான் போயிருந்தது. பாழாய்ப்போன கண். பார்க்காதே என்று சொன்னால் கேட்குமா? பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை.

"இருந்துச்சிக்கா. புருவத்துல."

"பாட்டில்ல ஒண்ணும் போட்டுடலியே?" என்றாள்.

"யக்கா!" என்று கத்திவிட்டேன்.

அவள் மெல்லத் திரும்பிப் படுத்தாள். ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. காய்ச்சல் வேர்வை என்று நினைத்து நான் துண்டை எடுத்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே குனிந்து பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"நீதான் நம்பல," என்றாள். "பாரு, எப்படிச் சொரக்குது பாரு."